காலுறைக்குள் நான்கு ஊக்குகள்

"எங்கே இருக்கே?" என்று கேட்டாள் சித்தி.

"வேலையிலதான் சித்தி. கிளம்பிக்கிட்டே இருக்கேன்."

"அந்த நூல்கண்டைச் சுத்தியிருந்த பேப்பர் உன்கிட்டதானே இருக்கு?"

"பையில இருக்கும். ஏன்?"

"எடு."

"என்னாச்சு சித்தி?"

"எடுன்னு சொன்னேன்ல."

எடுத்தேன். நாலாக மடித்து, ஓரமெல்லாம் கிழிந்துபோன வழுவழுப்பான தாள். "கையில வச்சிருக்கேன்," என்றேன்.

"விரல் பக்கம் பின்னி முடிச்சு நூலை அறுக்கச் சொல்றானே, அதுக்கு அடுத்தாப்ல என்ன போட்டிருக்கான்? மொதல்ல இங்கிலீஷ்ல படி. அப்புறம் தமிழ்ல சொல்லு."

படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். "அடையாளங்களை எடுத்துவிட்டு, நூல் முனைகளை உள்ளே செருகி மறைக்கவும்."

"எதை எடுத்துட்டு?"

"அடையாளத்தை. அதான் சித்தி, அந்த ஊக்கை."

"நீ எழுதிக் குடுத்த தாள் என் கையில இருக்கு. முப்பத்தோராவது வரி. 'நூல் முனைகளை உள்ளே செருகி மறைக்கவும்.' அவ்வளவுதான் இருக்கு. ஊக்கை எடுன்னு எங்க எழுதியிருக்கே?"

நான் தாளை மறுபடி பார்த்தேன். அச்சில் அது இருந்தது. பொடி எழுத்தில், இரண்டே சொல்லில் இருந்தது.

"அது... அதைச் சொல்லணுமான்னு விட்டுட்டேன். நீங்களே எடுத்துடுவீங்கன்னு..."

"உன் சித்தப்பா கால்ல ஒண்ணு ஏறியிருக்கு," என்றாள். "காலையில அஞ்சரைக்குப் போட்டுக்கிட்டுப் போன சாக்ஸ். இப்பதான் கழட்டினார்."

"ஐயையோ! ரொம்ப வலிக்குதா?"

"அதைத்தான்டி சொல்ல வரேன். அவருக்கு வலிக்கவே இல்லை."

சித்தி என் அம்மாவின் தங்கை. மாத்திரைத் தொழிற்சாலை ஒன்றில் செக்கிங் வேலை. அடியிலிருந்து வெளிச்சம் வரும் பெல்ட்டின் மேல் மாத்திரை அட்டைகள் வரிசையாக ஓடி வரும். ஒரு அட்டைக்குப் பத்துக் குழி. ஒரு குழி காலியாக இருந்தாலோ, மாத்திரை மூளியாக இருந்தாலோ, மேலே ஒட்டிய தாளில் சுருக்கம் விழுந்திருந்தாலோ அதை எடுத்து இடது பக்கத் தொட்டியில் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. கண் அப்படியே பழகிவிட்டது. டிவி பார்க்கும்போதுகூட அவள் கண் இடமிருந்து வலமாக ஓடி, சட்டென்று திரும்பி, மறுபடி ஓடும்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே, "காலண்டர் கோணலா இருக்கு," என்பாள். உட்கார்ந்ததும், "இந்தத் தலையணை உறையில ஒரு பட்டன் வேற கலர்," என்பாள். என் அம்மா முடிந்தவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்தக் கண்ணைக் கழட்டி வாசல்ல வச்சுட்டு உள்ள வாடி," என்பாள். சித்திக்குக் கோபம் வராது. "வாசல்லயும் ஒரு ஓடு விரிஞ்சிருக்கே, பார்த்தியா?" என்பாள்.

சித்தப்பா ஒரு பள்ளிக்கூடத்தின் பஸ் டிரைவர். பத்தொன்பது வருஷமாக அதே பள்ளி, மூன்றாவது பஸ். ஆள் பெரிய உடம்பு, எதற்கும் சிரிப்பு. சித்தியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சூப்பர்வைசர் அம்மா என்பார்.

"எல்லாத்தையும் செக்கிங் பண்றவ என்னைக் கட்டிக்கிறப்ப மட்டும் கோட்டை விட்டுட்டா. அன்னிக்கு லீவு போல," என்பார் விருந்தாளிகளிடம்.

"பார்த்தேன். மூளின்னு தெரிஞ்சுதான் எடுத்து வச்சேன்," என்பாள் சித்தி, தலை நிமிராமல்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு தாள் ஒட்டியிருக்குமாம். அதற்குச் செய்முறைத் தாள் என்று பெயர். எத்தனை வருஷம் பழகிய வேலையாக இருந்தாலும் தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எழுதியதை எழுதிய வரிசையில் செய்ய வேண்டும். எழுதாததைச் செய்யக் கூடாது. புதிதாக வந்த ஒரு பெண், பெல்ட்டை ஓட்டும் உருளை அழுக்காக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாளாம். அன்று ஓடிய அட்டை அத்தனையும் குப்பைக்குப் போனது. இந்தக் கதையைச் சித்தி எனக்குக் குறைந்தது ஏழெட்டு தடவை சொல்லியிருப்பாள். சொல்லி முடித்ததும், "நல்லதுக்குச் செஞ்சாலும், தாள்ல இல்லாததைச் செஞ்சா அது தப்புதான்," என்பாள். அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு இரக்கம் கிடையாது.

சித்தப்பாவுக்குச் சர்க்கரை வியாதி ஒன்பது வருஷமாக இருந்தது. மாத்திரை, நடை, வாயைக் கட்டுவது எல்லாம் சித்தியின் பொறுப்பு. ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் அவருடைய கணுக்காலுக்கு மேல் சாக்ஸின் எலாஸ்டிக் பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இறுக்கமா போடக் கூடாது. மெத்துன்னு, லூஸா, உள்ள தையல் இல்லாததாப் போடுங்க," என்று சொல்லி அனுப்பினாள். கடை கடையாக ஏறி இறங்கினாள் சித்தி. எல்லாவற்றிலும் எலாஸ்டிக். எலாஸ்டிக்கை வெட்டிவிட்டுப் போடச் சொன்னாள். பள்ளி வாசலுக்குப் போவதற்குள் அது குதிகாலுக்குக் கீழே சுருண்டு, ஷூவுக்குள் பந்தாகிக் கிடந்தது.

அப்போதுதான் தானே பின்னிவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. தொழிற்சாலையில் மதிய இடைவேளையில் கூட இருந்தவர்களைப் பார்த்துப் பழகி, மஃப்ளரும் குழந்தைத் தொப்பியும் அவள் பின்னியிருக்கிறாள். காலுறை பின்னியதில்லை. சாம்பல் நிறக் கம்பளி நூல் வாங்கி வந்தாள். கண்டைச் சுற்றியிருந்த தாளின் உள்பக்கம் முழுக்கக் காலுறை பின்னும் முறை, கண்ணுக்கே தெரியாத எழுத்தில், இங்கிலீஷில் இருந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

"இதுல என்ன இருக்கோ அதை அப்படியே தமிழ்ல எழுதிக் குடு. வரிக்கு நம்பர் போடு."

"சரி சித்தி."

"சேர்க்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"சரிங்கறேன்ல."

"அழகா எழுதறேன்னு சுத்தி வளைக்காதே. நீ கதைப் புஸ்தகம் படிக்கிறவ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து முப்பத்திரண்டு வரி எழுதினேன். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பெயர் வைத்தேன். அச்சில் "அடையாளம் வைக்கவும்" என்று இருந்த இடத்தில், அடையாளத்துக்கு என்று விற்கும் வளையம் அவளிடம் இல்லாததால், "ஒரு சின்ன ஊக்கு மாட்டவும்" என்று எழுதினேன். நான் செய்தது அவளுக்கு உதவி என்றே நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது ஊசியில் தொங்கியதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஒரு குழந்தையின் பாவாடை அளவுக்கு அகலமாக இருந்தது. நாலு விரல் உயரம் பின்னியிருந்தாள்.

"சித்தி, இது என்ன?"

"சாக்ஸ்."

"யாருக்கு?"

"அதான் நானும் யோசிக்கிறேன்," என்றார் சித்தப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "ரெண்டு காலையும் ஒண்ணா விட்டுக்கிட்டுக் குதிச்சு குதிச்சுப் போகணும் போல."

தாளைப் பார்த்தேன். முதல் வரி: "56 (64, 72) கண்ணி ஏற்றவும்." சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுக்கான எண்கள் அவை. ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சில் இருந்தபடியே எழுதிவிட்டேன், அது என்ன என்று விளக்கவில்லை. சித்தி ஐம்பத்தாறு ஏற்றி, அறுபத்துநாலு ஏற்றி, எழுபத்திரண்டும் ஏற்றியிருந்தாள். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கண்ணி. ஒன்றுகூடக் குறையவில்லை.

"இவ்வளவு பெரிசா வருதே, உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"வந்தது. போகப் போகக் குறைக்கச் சொல்லுவான்னு நெனச்சேன். தாள்ல இருக்கே."

"தப்பு என்மேலதான் சித்தி. ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கணும்."

"அப்ப அதை எழுது," என்று பேனாவை நீட்டினாள். முகத்தில் கோபம் இல்லை. நான் திருத்தி எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு, பின்னியது முழுவதையும் அங்கேயே பிரித்துக் கண்டாகச் சுற்றினாள். சித்தப்பா நூலைப் பிடித்துக்கொடுத்தார்.

இரண்டாவது முறை அறுபத்துநாலு கண்ணி. ஐந்து ஊசிகள், எல்லாவற்றுக்கும் இரண்டு முனையும் கூர். நாலில் கண்ணிகளைப் பிரித்து ஏற்றி, ஐந்தாவதால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். குதிகால் மடிப்பில் அவள் ஒன்பது தடவை பிரித்தாள். ஒரு தடவை முப்பது வரிசைக்குப் பதில் முப்பத்தொன்று. ஒரு வரிசைதானே என்று நான் சொன்னதற்கு, "ஒரு மாத்திரைதானே?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் இன்னொன்று கவனித்தேன். அவள் பின்னும்போது காலுறையின் உள்பக்கம் வெளியே இருந்தது. முதல் தடவை வட்டமாகப் பின்னுகிறவர்களுக்கு அப்படி ஆகிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். சொன்னேன்.

"எந்தப் பக்கம் வெளியே இருக்கணும்னு தாள்ல போட்டிருக்கா?"

"இல்லை."

"அப்ப முடிஞ்சதும் திருப்பிக்கிட்டா போச்சு."

அது சரிதான். முடிந்ததும் திருப்பிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. ஊக்குகளைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. விரல் பகுதி தொடங்கும் இடத்தில், பாதத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஊக்கு மாட்டச் சொல்லி எழுதியிருந்தேன். அவள் தன் கண்ணுக்கு எதிரே தெரிந்த பக்கத்தில் மாட்டினாள். காலுறையைத் திருப்பினால் அதுதான் உள்ளே போகும்.

அளவு பார்ப்பதற்காக வாரம் இரண்டு மூன்று தடவை சித்தப்பாவின் காலில் மாட்டிப் பார்ப்பாள், ஊசிகள் அப்படியே இருக்கும்போதே. நாலு ஊசிகளின் எட்டு முனைகளும் அவர் பாதத்தைச் சுற்றி நிற்கும். அவர் காலை நீட்டியபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்.

"குத்துதா?"

"இல்லை இல்லை. நீ பாட்டுக்குப் பாரு."

"சித்தப்பாவுக்கு எவ்வளவு பொறுமை!" என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் ஜோடி முடிந்தது. கடைசி நாள் சித்தி தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, காலுறையில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, பென்சிலால் டிக் அடித்தாளாம். முப்பத்திரண்டு டிக். திருப்பி, தட்டி, மடித்து, சித்தப்பாவின் ஷூ மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். மறுநாள் காலை அவர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று மாலைதான் அந்தப் போன்.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். சித்தப்பா நாற்காலியில் இருந்தார், வலது கால் முக்காலி மேல். சித்தி தரையில். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நான்கு ஊக்குகள். மூன்று மூடியிருந்தன. ஒன்று வாய் பிளந்து, கறுத்த ரத்தத்தோடு கிடந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே, பாதத்தின் தடித்த தோலில் அது ஏறியிருந்த இடம் வெளிறி, நடுவில் சிவப்பாக இருந்தது. காலுறையின் சாம்பல் நிறம் அந்த இடத்தில் துருவைப் போல மாறிக் காய்ந்துவிட்டது. சித்தி இடது காலையும் காட்டினாள். அங்கே மூடிய ஊக்கின் உருவம் முழுசாகப் பதிந்திருந்தது, அச்சு வைத்தாற்போல.

"வா வா," என்றார் சித்தப்பா. "உன் சித்தி எனக்கு லாடம் அடிச்சிருக்கா பாரு."

யாரும் சிரிக்கவில்லை.

"நாலு டிரிப்," என்றாள் சித்தி. "காலையில ரெண்டு, சாயந்திரம் ரெண்டு. நடுவுல பஸ்ஸைக் கழுவியிருக்கார். சாக்ஸைக் கழட்டறப்ப டக்குன்னு ஏதோ முக்காலியில தட்டுச்சு. நான்தான் பார்த்தேன். அவர் பார்க்கலை."

"சின்ன ஊக்குதானே? தோல் மரத்துப் போயிருக்கும், அந்த இடத்துல. இதுக்குப் போய்..."

"கண்ணை மூடுங்க," என்றாள் சித்தி.

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினார். டிக் அடித்த அதே பென்சிலை எடுத்து, அதன் மொட்டைப் பக்கத்தால் அவர் காலின் நடுவிரலைத் தொட்டாள். "இப்ப எங்க தொடறேன்?"

"கட்டைவிரல்."

குதிகாலைத் தொட்டாள். "இப்ப?"

"சுண்டுவிரல்." பரீட்சையில் விடை சொல்கிறவர்போல அவர் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது.

சித்தி பென்சிலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் மடியில் இருந்தன. "இப்ப?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கட்டைவிரல்தான். லேசாத் தொடறே."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். எட்டு ஊசி முனைகள் அந்தக் காலைச் சுற்றி நின்றதும், அவர் பேப்பரைப் புரட்டியதும் எனக்கு அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வந்தன. அதைப் பொறுமை என்று சொன்னவள் நான்.

"கண்ணைத் திறங்க."

திறந்தார். மடியில் இருந்த பென்சிலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எத்தனை நாளா?" என்றாள் சித்தி.

"அப்படிக் கணக்கு வச்சுக்கிட்டா..."

"எத்தனை நாளா?"

"போன வருஷம் மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. மொதல்ல ஜில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணும் இல்லை. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"பிரேக்கை எப்படி மிதிக்கிறீங்க?"

"அதெல்லாம் முட்டி சொல்லிடும். முட்டி எவ்வளவு இறங்குதுன்னு வச்சுத் தெரியும். இஞ்சின் சத்தம் இருக்கு. பத்தொன்பது வருஷம் ஓட்டின வண்டி. தூக்கத்துல கேட்டாலும்..."

"கால் எந்த பெடல் மேல இருக்குன்னு குனிஞ்சு பார்த்திருக்கீங்களா?"

அவர் முக்காலி மேலிருந்த காலைப் பார்த்தார்.

"வண்டி ஓடிக்கிட்டிருக்கறப்ப?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு தடவை. இல்லை, ரெண்டு தடவை," என்றார்.

சித்தி எழுந்தாள். எழுந்து எங்கேயும் போகவில்லை. பிறகு மறுபடி உட்கார்ந்து, துணியை நனைத்து அந்தக் காலைத் துடைக்க ஆரம்பித்தாள். "நாப்பத்திரண்டு பிள்ளைங்க," என்றாள். காலைப் பார்த்துச் சொல்வதுபோல இருந்தது.

"பதினாலு மாசம்," என்றார் சித்தப்பா. "பதினாலே மாசம். அப்புறம் ரிட்டயர்னு மாலையைப் போட்டு அனுப்பிடுவாங்க. அதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இத்தனை நாள்ல ஒரு கீறல் விழுந்திருக்கா வண்டியில? கேட்டுப் பாரு."

மூவரும் ஆட்டோ பிடித்து க்ளினிக்குக்குப் போனோம். டாக்டர் சின்ன வயதுக்காரர். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, கட்டுப் போட்டார். அந்தக் கால் ஆறிவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்; ஏழு வாரம் பிடித்தது, ஆனால் ஆறிவிட்டது. அன்று எங்களை உலுக்கியது காயம் அல்ல. டாக்டர் நைலான் நூலைப்போல ஒன்றால் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுருக்கி, "நரம்பு ரொம்பப் பாதிச்சிருக்கு. என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"உக்காந்து பார்க்கிற வேலைதான் சார்," என்றார் சித்தப்பா.

"அப்ப பரவாயில்லை. அதிகம் நடக்காதீங்க," என்று எழுதத் தொடங்கினார் டாக்டர்.

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. பெல்ட்டில் ஓடி வரும் அட்டையில் ஒரு கீறலை விடாதவள், முன்னால் போன அந்தப் பொய்யைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். நானும் சொல்லவில்லை. எனக்கும் வாய் இருந்தது.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். சாப்பிடும்போது, "நாளைக்கு வண்டி எடுக்காதீங்க," என்று ஒரு தடவை சொன்னாள் சித்தி. "சரி, பார்க்கலாம்," என்றார் அவர்.

காலையில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். மணி ஐந்தே கால். சித்தப்பா நீலச் சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்து கட்டுப் போட்ட காலின் மேல் ஷூவை ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டு தடியாக இருந்ததால் ஏறவில்லை. வலி தெரிகிறவர் அப்படித் திணிக்க முடியாது.

"என்னங்க இது?" என்றாள் சித்தி அடுப்படி வாசலிலிருந்து.

"இன்னிக்கு மாத்து டிரைவர் இல்லை. பிள்ளைங்க ரோட்டுல நிக்கும். இன்னிக்கு ஒரு நாள்."

"நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்குப் பார்த்துக்கலாம்."

சித்தி அவரையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, நானும் வரேன்," என்றாள். பிறகு என்னிடம், "நீயும் வா," என்றாள். அன்று அவளுக்கு ஏழு மணி ஷிப்ட். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சொல்லாமல் எடுத்த முதல் லீவு அது என்று பிறகு தெரிந்தது.

பள்ளிக்குப் பத்து நிமிஷ நடை. சித்தப்பா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். அவர் வலது காலை வைக்கும்போதெல்லாம் தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்தார். எத்தனையோ தடவை அவரோடு நடந்திருக்கிறேன். அதை அன்றுதான் பார்த்தேன்.

பள்ளிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஐந்து பஸ்கள் நின்றன. ஒரு ஓரத்தில் வண்டிகளுக்குப் பொறுப்பானவரின் அறை, விளக்கு எரிந்தது. உள்ளே ஒருவர் தேநீர் குடித்தபடி சாவிகளைப் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா மூன்றாவது பஸ்ஸின் கதவைத் திறந்து ஏறி, தன் இருக்கையில் உட்கார்ந்தார். ஏறியதும் அவர் முகம் தெளிந்தது. ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். நாங்கள் படியில் நின்றோம்.

"நான் உள்ள போய்ச் சொல்லப் போறேன்," என்றாள் சித்தி.

துணி நின்றது. "என்னன்னு?"

"இருக்கிறதை."

"இப்ப வேணாம்னு நான் உன்னைக் கேட்டுக்கிட்டா?"

"கேக்காதீங்க," என்றாள் சித்தி. அவள் குரல் உடைந்ததை நான் அன்றைக்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "நீங்க கேட்டா நான் நின்னுடுவேன். நேத்து டாக்டர்கிட்ட சொல்லாம நின்னுட்டேன். அதனால கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "சாவி இன்னும் நான் வாங்கலை," என்றார். "பலகையிலதான் இருக்கு. மூணாம் நம்பர்."

சித்தி தலையாட்டினாள். கீழே இறங்கி, என் முழங்கையைப் பிடித்து நாலடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் திரும்பி வர வரைக்கும் நீ அவர் பக்கத்துல போய் உக்காரு," என்றாள். "தனியா விட்டுடாதே. கால் எப்படி இருக்குன்னெல்லாம் கேக்காதே. வேற ஏதாவது பேசிக்கிட்டே இரு. உனக்குப் பேச வராதுன்னு எனக்குத் தெரியும் கண்ணு. இன்னிக்கு மட்டும் பேசு."